பதினைந்து தரம் திறந்த கதவு

செவ்வாய்க்கிழமை பகல் 12.20. கொட்டாஞ்சேனையில் ஒரு துணிக் களஞ்சியத்தின் நிலக்கீழ் அறைக் கதவைத் தீயணைப்புப் படையினர் வெட்டித் திறந்தபோது, அங்கே வேலை செய்த இருளப்பன் கதவோடு ஒட்டிக் கிடந்தார். நெருப்பு அவரைத் தொடவே இல்லை. ஜெனரேட்டர் மூலையில் பிடித்த தீ அரை மணித்தியாலத்தில் அணைந்துவிட்டது. கீழே இறங்கிய புகைதான் ஆளை முடித்திருந்தது. சுவரில் இருந்த, கதவைத் திறக்கும் பச்சைப் பொத்தானுக்கு நேர் கீழே அவருடைய வலக்கை விழுந்திருந்தது.

பூட்டிய அறைக்குள் ஒருவர் இறந்துபோவது கேள்விப்படாத விஷயமல்ல. ஆனால் இந்த அறை பூட்டியிருக்கவே இல்லை என்று கணினிப் பதிவு அடித்துச் சொன்னது. தீ அலாரம் அடித்ததும் கதவு திறந்தது. அதன்பின் இருளப்பன் பொத்தானை அழுத்திய பதினான்கு முறையும் திறந்தது. ஆக மொத்தம் பதினைந்து தரம். அப்படித் திறந்த கதவுக்குப் பின்னால் அந்த மனிதர் ஏன் மூச்சடைத்துச் சாகவேண்டும்?

புதன்கிழமை பிற்பகல் 2.10. வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடி அலுவலகத்தில், யதுஷா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவை ஆளும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்.

அவள் முன்னால் ஒரு கடிதம் இருந்தது. ‘மென்பொருளில் எனது கவனக்குறைவால் ஏற்பட்ட தவறு’ என்று தொடங்கியது. நிறுவனத்தின் சொந்தக்காரன் வினோதன் காலையிலேயே அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தான். நான்கு மணிக்கு வழக்கறிஞர் வருவார், அதற்குள் கையெழுத்துப் போட்டால் மிச்சத்தை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று அன்பாகத்தான் சொன்னான். அவளுடைய எழுத்து ஒரு மனிதனைக் கொன்றுவிட்டதா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? போடாமல் எப்படி இருப்பது?

எதிரே உப பொலிஸ் பரிசோதகர் புஷ்பராஜ் இருந்தார். ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். கணினி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே வரும்போதே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லுகிறவர்களிடம்தான் கவனமாக இருக்கவேண்டும், ஆனால் அது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னலோரம் களஞ்சியத்தின் முதலாளி பாலசுந்தரம், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நீங்க செஞ்சது என்னான்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க, தங்கச்சி,” என்றார் புஷ்பராஜ்.

யதுஷா திக்கித் திக்கித் தொடங்கினாள். அவள் வருமுன் எல்லாம் ஒரே நீண்ட கோப்பாக இருந்தது. இந்தக் கட்டடமென்றால் இப்படி, அந்தக் கட்டடமென்றால் அப்படி என்று வினோதன் ஆறு வருடமாக ஒட்டுப்போட்டு வளர்த்தது. பம்பலப்பிட்டியில் ஒரு கதவைத் திருத்தினால் தெஹிவளையில் ஒன்று அடைத்துக்கொள்ளும். எட்டு மாதம் மினக்கெட்டு அவள் அதைப் பிரித்தாள். முதலில் ‘கதவு’ என்று ஒரு பொது வகை. அதற்கு ஒரே வாக்குறுதி: திற என்றால் திறக்கவேண்டும், திறந்த பிறகுதான் ‘திறந்தது’ என்று சொல்லவேண்டும். அதிலிருந்து பிறந்தவை இரும்புக் கதவு, கண்ணாடிக் கதவு, இழுவைக் கதவு, பரிசோதிப்பதற்கென்று ஒரு பொம்மைக் கதவு. ஒவ்வொன்றும் திறக்கும் விதம் வேறு. ஆனால் கட்டளை இடுகிற இடத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை. அலாரம் அடித்தால் எல்லாரையும் பார்த்து ‘திற’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். எந்தக் கதவு எந்த வகை என்பது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. புதிய வகைக் கதவு வந்தால் முன்பு ஒரு மாதம் போகும், இப்போது ஒரு நாள் போதும்.

சொல்லச் சொல்ல அவளுடைய குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அது அவளுடைய பெருமை. உடனே இருளப்பனின் நினைவு வந்தது.

“கதவு திறந்துதான் இருக்கு, சேர்,” என்று வினோதன் குறுக்கிட்டு, தான் அச்சடித்துக் கொடுத்த தாளைத் தட்டினான். “படிப்பில்லாத ஆள், புகைக்குள்ளை பதறியிருப்பார். தள்ளிப்போட்டு வரத் தெரியேல்லைப் போலை. இல்லாட்டி யது எழுதின கோட்டிலை ஏதும் பிழை. நான் கோட் தொட்டே ஒரு வருஷம்.”

புஷ்பராஜ் தாளைப் பார்த்தார். காலை 9.10, முதலாளியின் கார்ட், திறந்தது. 11.42, அலாரம், ஏழு கதவுகளும் திறந்தன. 11.44 முதல் 11.53 வரை, ஏழாம் கதவின் உள்பொத்தான், பதினான்கு முறை, திறந்தது.

பிறகு அவர் சம்பந்தமில்லாதவை போல மூன்று விஷயங்களைச் சொன்னார். இருளப்பனின் மனைவி பாக்கியலெட்சுமியைக் காலையில் பார்த்தாராம். திங்கட்கிழமை மனுஷன் கட்டிக்கொண்டு போன சோற்றைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார் என்று அவள் சொன்னாளாம். இருளப்பன் எப்போதும் மாடியில் பைப்படியில் கைகழுவி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர். இரண்டாவது, வெட்டிய கதவின் வெளிப்பக்கச் சாவித்துளையில் புது எண்ணெய் இருந்தது.

“அந்தச் சாவி துலைஞ்சு ரெண்டு வருஷம்,” என்றார் பாலசுந்தரம். “எல்லாம் கார்ட்தான். நேற்றும் நான்தான் கார்ட் போட்டுத் திறந்து அவரை உள்ளை விட்டனான்.”

மூன்றாவதாக, பதிவின் அசலைக் கணினியிலேயே பார்க்கவேண்டும் என்றார். தாளில் இருப்பதுதான் அங்கேயும் இருக்கிறது என்று வினோதன் சொன்னான்.

“அப்ப பாத்தா நஷ்டமில்லையே,” என்றார் புஷ்பராஜ்.

2.45. யதுஷா அசலைத் திறந்தாள். பதிவில் இன்னொரு பத்தி இருந்தது. தாளில் மணியும் நிமிடமும் மட்டுமே இருந்தன, இங்கே விநாடியும் இருந்தது. புஷ்பராஜ் திரைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தினார். கட்டளை போனது 11.42.05. முதலாம் கதவு திறந்தது 11.42.08. இரண்டாவது 08. மூன்றாவது 09. நான்கும் ஐந்தும் 08. ஆறாவது 09. விரல் கடைசி வரியில் நின்றது. ஏழாவது, 11.42.05.

“இந்த ஏழாம் கதவுக்கு மட்டும் என்னா அவசரம்?”

கீழே கரையோர ரயில் ஒன்று கடந்து போனது. யதுஷா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பூட்டின் தாழ் பின்வாங்க மூன்று விநாடி ஆகும். அதன்பின் கதவுச் சட்டத்தில் இருக்கும் உணரி ‘ஓம், விலகிவிட்டது’ என்று சொல்லவேண்டும். எந்த உண்மையான கதவும் கேட்ட விநாடியிலேயே பதில் சொல்லாது. அப்படிப் பதில் சொல்லும் கதவு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதைப் பெற்றவளே அவள்தான்.

சொன்னால் கொலைக்கருவி தன்னுடையது என்று தானே ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் அந்த ஆள் கதவைத் தள்ளத் தெரியாமல் செத்தவராகவே இருந்துவிடுவார். வினோதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசாதே என்று அவன் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். ஏழாம் கதவுக்கு நேரே ‘பொம்மைக் கதவு’ என்று இருந்தது.

“இது நான் எழுதினது, சேர்,” என்றாள். “உண்மையான பூட்டு இல்லாமல் மிச்சத்தைச் சோதிச்சுப் பாக்கிறதுக்கு. திற எண்டால் ஒண்டும் செய்யாது. திறந்தது எண்டு மட்டும் சொல்லும். மேலை இருந்து கட்டளை குடுக்கிறதுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடாது எண்டுதான் நான் எல்லாத்தையும் அப்பிடி எழுதினனான். ஆனால் இதை நான் அங்கை வைக்கேல்லை.”

“எண்டால் வேறை ஆர் வைச்சது?” என்றான் வினோதன். “எழுதினவளுக்குத்தானே தெரியும்.”

புஷ்பராஜ் அவசரப்படவில்லை. காலை 9.10 வரியில் விரலை வைத்தார். கார்ட் போட்டது 9.10.31. திறந்ததும் 9.10.31.

“அப்பவும் பொம்மைதான் பதில் சொல்லியிருக்குது. அப்ப உங்க கார்ட்டுக்குக் கதவு அசைஞ்சிருக்காது, முதலாளி. ஆனா நீங்க கதவத் தொறந்து இருளப்பன உள்ள விட்டிருக்கீங்க. எதால தொறந்தீங்க?”

பாலசுந்தரத்தின் கைக்குட்டை நின்றுவிட்டது.

புஷ்பராஜே தொடர்ந்தார். தொலைந்த சாவிக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை. திங்கட்கிழமை இருளப்பன் சாப்பிட மேலே வரவில்லை, ஏனென்றால் வர முடியவில்லை. முதலாளி வந்து வெளியிலிருந்து திறந்தால்தான் வெளியே வரலாம் என்று அன்றைக்கே ஆகிவிட்டது. நேற்றுத் தீ பிடித்தபோது முதலாளி தெருவுக்கு ஓடினார், சாவியும் அவரோடு ஓடியது.

“துணி குறைஞ்சுகொண்டு போச்சு,” என்றார் பாலசுந்தரம். “ஆர் எண்டு தெரியேல்லை. நான் இல்லாமல் ஒருத்தரும் வெளியிலை வரக்கூடாது எண்டு மட்டும்தான்… பரிசோதனைக்கு வாறவைக்குக் கதவு திறக்குது எண்டு பதிவிலை காட்டவும் வேணும். தம்பி செய்துதரலாம் எண்டார்.”

“எந்தத் தம்பின்னு நான் முந்தியே சொல்லியிருப்பேன்,” என்று புஷ்பராஜ் அந்தத் தாளை எடுத்து வினோதன் முன் வைத்தார். “அசல்ல விநாடி இருக்குது. நீங்க அச்சடிச்ச இதுல இல்ல. மத்த எல்லாம் அப்படியே இருக்க, அத மட்டும் ஏன் எடுத்தீங்க? கோட் தொட்டு ஒரு வருஷமான ஆளுக்கு, விநாடி என்ன சொல்லிக்குடுக்கும்னு எப்படித் தெரிஞ்சிச்சு?”

வினோதன் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தான். பழைய கோப்பாக இருந்தால் அவன் பதினொரு இடத்தில் கைவைக்கவேண்டியிருந்திருக்கும். நான்கு இடத்திலேயே ஏதாவது உடைந்து, எல்லாருக்கும் தெரிந்திருக்கும். யதுஷாவின் ஒழுங்கால் ஒரு வரி மாற்றினாலே போதுமாயிருந்தது. கதவு பொய் சொல்வதை மேலே இருந்த எதுவும் கேள்வி கேட்கவில்லை. அவள் அதைப் பெருமையாகச் செய்தாள், அவன் அதைச் சுகமாகப் பாவித்தான்.

புஷ்பராஜ் தொலைபேசியை எடுத்து வாகனம் அனுப்பச் சொன்னார். யதுஷாவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை. ஒருவருக்குச் செய்துகொடுத்தவன் ஒருவருக்கு மட்டும்தானா செய்திருப்பான்?

3.28. அவர்களுடைய மென்பொருள் இருபத்துமூன்று கட்டடங்களில் ஓடியது. கேட்ட விநாடியிலேயே பதில் சொல்லும் கதவுகளைத் தேடச் சொல்லி யதுஷா கணினிக்குக் கட்டளையிட்டாள். இருபத்தொரு கட்டடங்களில் ஒன்றும் இல்லை. ஒன்று கொட்டாஞ்சேனை. மற்றது காலி வீதிக்கு அந்தப் பக்கம், இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ரியூஷன் வகுப்பு. மூன்றாம் மாடி, பின்படிக் கதவு. இரண்டு மாதமாகப் பொம்மை.

“பிள்ளையள் பின்படியாலை வகுப்பைக் கட் பண்ணிக்கொண்டு போகுதுகள் எண்டு அவை கேட்டவை,” என்றான் வினோதன், தரையைப் பார்த்தபடி.

மூன்றரைக்கு அங்கே உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு. நூற்றுஇருபது பேர் இருப்பார்கள். முன்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு.

யதுஷா அந்த ஒரு வரியை மாற்றி ‘இரும்புக் கதவு’ என்று எழுதினாள். திற என்று கட்டளை அனுப்பினாள். 3.34.16க்குப் போனது, 3.34.19க்குத் ‘திறந்தது’ என்று பதில் வந்தது. சரியாக மூன்று விநாடி. ஆனால் அந்தச் சொல்லை அவளால் இப்போது நம்பமுடியவில்லை. அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படிக்கு ஓடினாள்.

வாசலில் புஷ்பராஜ் ஒரு நொடி மறித்தார். “பாக்கியலெட்சுமிக்கு யாராவது போய்ச் சொல்லணும். அவரு கதவத் தள்ளத் தெரியாம சாகல்லன்னு.”

“நான் போறன், சேர். இதைப் பாத்துப்போட்டு வாறன்.”

காலி வீதியில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டிருந்தன. அவள் கையை நீட்டிக்கொண்டே குறுக்கே ஓடினாள். மூன்று மாடியையும் ஏறியபோது வியர்வை கண்ணுக்குள் வடிந்தது. வகுப்பில் ஒலிவாங்கியில் யாரோ ஒளிமுறிவு படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருந்த கடைசி வாங்குக்குப் பின்னால் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் அதே பச்சைப் பொத்தான்.

அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தாழ் விலகும் சத்தம் கேட்டது. தள்ளினாள். வெளியே பின்படியும், அதற்கு அப்பால் கொஞ்சம் கடலும் தெரிந்தன. காற்று உள்ளே வந்து கொப்பித் தாள்களைப் புரட்டியது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள், மறுபடி அழுத்தினாள், மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

படிப்பித்துக்கொண்டிருந்தவர் ஒலிவாங்கியோடு வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்தாவது தரமும் கதவு திறந்தது. அதற்குப் பிறகுதான் அவள் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

“கதவு வேலை செய்யுதுதானே, பிள்ளை?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஓம், சேர்,” என்றாள். பிறகு எழுந்து, பக்கத்தில் கிடந்த கதிரை ஒன்றை இழுத்துக் கதவு மூடாதபடி அண்டை கொடுத்தாள். “எண்டாலும் இண்டைக்கு இது இப்பிடியே இருக்கட்டும்.”