சிற்றம்பலத்தின் நிஜ முகம்

காலையில் எழுந்ததும் சிற்றம்பலம் பல் துலக்கினான், குளித்தான், அன்றைக்கு வேண்டிய முகத்தைத் தேர்ந்தெடுத்தான். வாரத்தின் முதல் நாள் என்பதால் அடர்ந்த சுருள்முடி, மெல்லிய மீசை. சீரிஸ் குறுங்கோளின் குடியிருப்பிலும் செவ்வாயிலும் எல்லோரும் செய்வதுதான். ஐந்து வயதிலேயே கண்ணுக்குள் முகவில்லை ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். எதிரே வருபவரின் காதுக்குப் பின்னாலிருக்கும் சில்லு, 'இன்றைக்கு என்னை இப்படிப் பார்' என்று சொல்லும். வில்லை அப்படியே காட்டும். அந்த முகத்துக்குத் தேர்முகம் என்று பெயர். கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும் தெரிவது தேர்முகம்தான். தன் தலை வழுக்கை என்பதே சிற்றம்பலத்துக்குக் கையால் தடவிப் பார்த்துத்தான் தெரியும்.

இந்த ஏற்பாட்டால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் வம்பு.

சிற்றம்பலத்துக்கு முப்பத்தாறு வயது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. செவ்வாயில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த நீலாயதாட்சியோடு வெகு நாட்களாகப் பேசிவந்தான். பேசுவது என்றால், இவன் ஒன்று சொல்லி அனுப்பிவிட்டுக் குழம்பு வைத்து இறக்கினால் அங்கிருந்து பதில் வரும். தூரம் அப்படி. அந்த இழுபறிக்கு நடுவிலும் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவளில்லாமல் இனி ஒண்டியாய்க் குழம்பு வைக்க முடியாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

குறுக்கே நின்றவர் நீலாவின் அம்மா.

"தேர்முகத்தைப் பாத்துப் பொண்ணு குடுத்துட்டு, நாளைக்கு நாங்க முழிக்கணுமா? வேதிப்படம் அனுப்பச் சொல்லு. அதைப் பாத்துட்டுத்தான் மேல பேச்சு."

இந்தக் காலத்துக் கேமராக்களும் சில்லு சொல்லும் முகத்தைத்தான் எடுக்கும். வேதிப்படம் என்பது அந்தக் காலத்துக் கேமராவில் படச்சுருள் போட்டு எடுத்து, மருந்தில் கழுவிக் காகிதத்தில் பதிப்பது. காகித முகத்துக்குக் காதுச் சில்லு கிடையாது. அதனால் வில்லையும் அதன் ஜோலிக்குப் போகாது. உள்ளது உள்ளபடி தெரியும்.

அடுத்த வீட்டிலிருந்த அக்கா வடிவு, பழம்பொருள் சந்தையில் ஒரு கேமராவைப் பிடித்துவந்தாள். சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்துச் சிற்றம்பலம் அதைப் பிரித்தான். ஷட்டர் பாதி திறந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே போட்டிருந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் நுழையாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சு, தொட்டால் விரலில் அப்பியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிழிந்த விண்ணுடையின் உள்துணியை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினான். கடுகளவு ஸ்க்ரூ ஒன்று கைநழுவியது. சீரிஸின் ஈர்ப்பு விசை சோம்பேறி. ஸ்க்ரூ தரையைத் தொடுவதற்குள் வடிவு குனிந்து, சாவகாசமாக எடுத்துக் கொடுத்தாள். பூமியில் இருந்திருந்தால் அன்றைய பொழுது கட்டிலுக்கு அடியில் போயிருக்கும்.

ஷட்டர் கடைசியில் 'டிக்' என்று திறந்து மூடியபோது அவனுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. பம்புகள் ஒருநாளும் அப்படி அழகாகச் சத்தம் போட்டதில்லை.

வேளாண்கூடத்து வேதியியல்காரர்கள் மருந்து பூசிக் கொடுத்தது இரண்டே படச்சுருள். முதல் சுருளை முழுக்க எடுத்து முடித்ததும், வடிவு படம் எப்படி வந்திருக்கிறதென்று பார்க்கப் பின்கதவைத் திறந்துவிட்டாள். எடுத்த கணமே படம் பார்த்துப் பழகியவள், பாவம். சுருள் பாழ்.

"இருட்டுலதான் திறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"நீ திறப்பேன்னு எனக்கெப்படிக்கா தெரியும்?"

இரண்டாவது சுருளுக்கு அவள் எச்சரிக்கையானாள். "தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கோ. நெத்தி குறைச்சலாத் தெரியும். ஒரு தொப்பி வேணா தரட்டுமா?"

"வேண்டாம்க்கா. நாளைக்கு அவ வந்து தொப்பியைக் கழட்டினா என்ன பண்றது? எப்படி இருக்கேனோ அப்படியே எடு."

குளியலறையில் விளக்கை அணைத்துப் படத்தைக் கழுவினான். காய்ந்த காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இருவரும் பார்த்தார்கள். வழுக்கைத் தலை, கொஞ்சம் பெரிய மூக்கு, சிரித்த வாய். வடிவு படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள்.

"உனக்குக் கன்னத்துல குழி விழுதுடா," என்றாள். "இத்தனை வருஷமா கூடவே இருந்திருக்கேன், தெரியவே இல்லையே."

சரக்குக் கப்பலில் படம் செவ்வாய்க்குப் போனது. அது போய்ச் சேரும்வரை சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. நீலாவின் அம்மா ஒரே மூச்சில் பதில் சொல்லி அனுப்பினார்: "தலையில முடி இல்ல. ஆனா மறைக்கல. என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு யோக்கியமா நின்னதில்ல. தேதி பாருங்க."

நீலா வந்ததும் அவளையும் அதே கேமராவில் எடுத்தான். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கல், புருவத்தில் ஒரு தழும்பு. பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. கல்யாணத்தன்று இருவரும் அந்த வேதிப்படங்களையே சில்லில் ஏற்றி, அவற்றையே தேர்முகமாக்கிக்கொண்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சீரிஸில் முதன்முதலாக இரண்டு பேர் சொந்த முகத்தோடு நடமாடினார்கள்.

பிறகென்ன, குடியிருப்பே அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. வழுக்கையும் தழும்பும் நாகரிகமாயின. சீரிஸ்காரர்கள் ஏமாற்றத் தெரியாதவர்கள் என்று செவ்வாயில்கூடப் பேச்சு. சிற்றம்பலம் முகம் சுளிக்காமல் எல்லோரையும் எடுத்துக் கொடுத்தான். ஒன்றை மட்டும் அவன் கவனித்தான். எல்லோரும் ஒரே ஒரு முறைதான் வந்தார்கள்.

கல்யாணமாகி இருபதாவது வருடம். ஓய்வுநாள் மாலை, சிற்றம்பலம் கேமராவைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டு, ஷட்டரைத் தட்டிப் பார்த்தான். முதல் நாள் போலவே சுத்தமாக 'டிக்' என்றது. எதிரே நீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணுக்கு அவளுக்கு இன்னும் கல்யாணப் படத்து முப்பத்தொன்று. அவள் கண்ணுக்கு அவனுக்கு முப்பத்தாறு.

"கல்யாண நாள் வருதே," என்றாள் நீலா. "புதுசா ஒரு படம் எடுத்துக்கலாமாங்க?"

சிற்றம்பலத்தின் கை தாடைக்குப் போனது. அங்கே தொங்கிய சதை விரலுக்குத் தட்டுப்பட்டது. நீலாவும் யோசனையாய்த் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"எடுக்கலாம்தான். ஷட்டர் ஒட்டுது, பிரிச்சுப் பாக்கணும்."

"அப்ப இருக்கட்டும் விடுங்க, என்ன அவசரம்," என்றாள் நீலா நிம்மதியாக. "கல்யாணப் படத்துலதான் நாம உள்ளது உள்ளபடியே இருக்கோமே."