ஒன்பதாவது டேக்

இரண்டாவது முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பதிவாளர் யோலண்டா மேசைமேல் இருந்த மெய்ம்மானியைத் தன் பக்கம் திருப்பி, தவறு அதனுடையதுதான் என்பதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடியும் டெல்மர் ஆஷ்கிராஃப்டின் முகத்துக்கு நேராக வைத்தாள். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கருவி. நடுவில் கண், தலையில் விளக்கு.

"முப்பத்தொண்ணு. போன தடவைக்கு ரெண்டு குறைஞ்சிருக்கு சார். எழுபது வந்தாத்தான் பச்சை."

"நான் மனசாரத்தான் சொன்னேன்" என்றார் டெல்மர்.

"இந்த நாற்காலில உக்காந்து யாரும் அப்படி இல்லைன்னு சொன்னதில்ல சார்."

பக்கத்து நாற்காலியில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். சட்டம் வகுத்துக் கொடுத்த அதே வாக்கியத்தை அவளும் சொல்லியிருந்தாள்: 'இவர் என் வாழ்க்கைத் துணை, இவரை முழு மனதோடு ஏற்கிறேன்.' அவளுக்கு முதல் முறையிலேயே பச்சை. தொண்ணூற்று நான்கு.

மெய்ம்மானி வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. முகத்தின் நாற்பத்துமூன்று தசைகளையும், தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்கும் நிறத்தையும், மூச்சின் நீளத்தையும் ஒரே பார்வையில் படித்து, சொல்கிறவர் மனதாரச் சொல்கிறாரா என்று அது காட்டிவிடும். வீடு வாடகைக்கு எடுக்க, வேலையில் சேர, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல என்று எல்லாவற்றுக்கும் பச்சை வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால்கூடப் பச்சை வரும்வரை கேட்க வேண்டும். போலித் திருமணங்கள் குறைந்தன. காப்பீட்டு மோசடிகள் குறைந்தன. அரசியல்வாதிகள் சுருக்கமாகப் பேசத் தொடங்கினார்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

"இன்னும் ஒரே வாய்ப்புதான்" என்றாள் யோலண்டா. "மூணாவதும் சிவப்புன்னா ஒரு வருஷம் கழிச்சுத்தான் வர முடியும்."

ஒரு வருடம் என்பது வல்லிக்கு வெறும் சொல் அல்ல. ஒன்பது நாளில் டெல்மருக்கு இதய அறுவைச் சிகிச்சை. எழுபத்தேழு வயதில் நினைவு திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் மெய்ம்மானிக்கு முன்னால் உட்கார்ந்தே சொல்லியிருந்தார், பச்சை எரிந்தது. அப்படி ஆனால் அவர் சார்பில் முடிவெடுக்கவும், பக்கத்தில் இருக்கவும் பதிவு பெற்ற துணைக்கு மட்டுமே உரிமை. துணை இல்லாதவர்களுக்கு மருத்துவமனையின் குழு முடிவெடுக்கும். அந்தக் குழுவில் யாருக்கும் அவர் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்று தெரியாது.

"ஏளா" என்று டெல்மர் அவள் பக்கம் குனிந்தார். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"பல்வலிக்காரன் மாதிரி."

"நெசமாத்தான்ளா சொன்னேன்."

"தெரியும். அதான் செவப்பு."

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய, நெப்ராஸ்காவில் பிறந்த ஒரு மனிதர் கோவில்பட்டித் தமிழ் பேசுவதைப் பார்த்து யோலண்டா வாயைப் பிளந்தாள். முதல்முறை கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருமுறை ஹூஸ்டனில் ஒரு தமிழ்ப் பல்மருத்துவரிடம் டெல்மர், "என்ன வேய், சொகமா?" என்று கேட்க, அந்த மனிதர் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

அது படப்பிடிப்பில் வளர்ந்த தமிழ். இளம் வயதில் டெல்மர் நெப்ராஸ்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை வாசித்தவர். ஆலங்கட்டி மழை வரும் என்று அவர் சொன்னால் விவசாயிகள் எழுந்துபோய் டிராக்டரைக் கொட்டகைக்குள் விட்டார்கள். மற்றவர்கள் சொன்னால் சேனலை மாற்றினார்கள். அந்த முகத்தை ஒரு தயாரிப்பாளர் ஹோட்டல் அறையில் படுத்தபடி பார்த்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் டெல்மர் போர்வீரனாக, பாதிரியாராக, குடித்துக் கெட்ட அப்பனாக நடித்தார். மூன்று படம் ஓடியது, ஐந்து ஓடவில்லை. முப்பத்தாறாவது வயதில், வீட்டை விற்று, தானே இயக்கித் தானே நடித்த முதல் படத்தைத் தொடங்கினார். அந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி பார்க்க வந்தவள்தான் இருபத்துநான்கு வயது செண்பகவல்லி. எந்த டேக்கில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, பொத்தான் எத்தனை போட்டிருந்தது என்று குறித்துவைக்கும் வேலை.

நடிகரே இயக்குநர் என்றால் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவரைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். டெல்மர் அவளுடைய கண்ணை நம்பினார். பின்னால் பணம் போட்டவர்கள் நின்றிருப்பார்கள். 'இந்த டேக் விளங்கல' என்று அவர்கள் காதுபட ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. அதனால் வல்லி நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தாள். பதினான்கு படங்களில் நாலு சொல் நாலாயிரமானது. அவளுடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, 'ஏளா' மட்டும் அவராகவே எடுத்துக்கொண்டது.

அவருடைய மணவாழ்க்கை முன்பே முறிந்திருந்தது. வல்லியின் கணவர் இறந்து எட்டு வருடம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி டெல்மர், "நாம பதிஞ்சுக்கிடுவோமா?" என்று கேட்டார். தோசை கருகியது.

வல்லி பதிவாளரிடம் திரும்பினாள். "இவர எதோட ஒப்பிட்டுப் பாத்து முப்பத்தொண்ணுன்னு சொல்லுது? அந்த முகங்களக் காட்டுங்க."

"அது யாரும் கேக்கறதில்ல மேடம்."

"கேட்டா காட்டணும்னு சட்டம் இருக்குல்ல?"

இருந்தது. சிவப்பு வாங்கியவர்கள் வெட்கப்பட்டு எழுந்துபோனார்களே தவிர, ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வல்லிக்கோ நாற்பத்தோரு வருடமாக அதுதான் தொழில். யோலண்டா நாலைந்து பொத்தான்களை அமுக்கினாள். ஒப்பு முகங்கள் சுவர்த்திரையில்தான் வந்தன. கூடத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

முதலில் ரயில் நடைமேடையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன். அடுத்தது தாடி வைத்த ஒரு பாதிரியார். அதன்பின் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மருத்துவர். பிறகு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மகன்.

நான்கும் ஒரே முகம்.

யோலண்டா திரையைப் பார்த்தாள். டெல்மரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "சார்… நீங்க உங்கள மாதிரி இல்லைன்னு சொல்லுது."

கீழே சிறிய எழுத்தில் விளக்கம் இருந்தது. யோலண்டா அதைத் தடுமாறி வாசித்தாள். மெய்ம்மானியைப் பழக்கும்போது, எது உண்மையான முகம் என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. இரண்டு கோடிப் பேருக்கு ஆயிரக்கணக்கான முகத்துணுக்குகளைக் காட்டி, 'இவர் மனதாரப் பேசுகிறாரா?' என்று கேட்டார்கள். அதிகம் பேர் ஆம் என்று சொன்ன முகங்களே பாடமாகின. முதல் இருபதில் பதினான்கு, டெல்மர் ஆஷ்கிராஃப்ட் நடித்த படங்களிலிருந்து வந்தவை.

"நான்தான் ஜெயிச்சேனா?" என்றார் டெல்மர். "ஒரு விருதும் குடுக்கலையே பாவிக!"

வல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தச் சவப்பெட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சி அவளுக்குத் தெரியும். டெல்மரின் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் எடுத்தது. தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் அவர் கேட்கவில்லை. நான்காவது டேக்கில் நிஜமாகவே உடைந்துபோனார். குழுவில் பாதிப்பேர் திரும்பிக்கொண்டார்கள். மறுநாள் போட்டுப் பார்த்தால், கண்ணில் கடுகு விழுந்த ஆள் தும்மலை அடக்குவதுபோல் இருந்தது. ஒரு கண் சுருங்கி, வாய் ஒருபக்கம் இழுத்து, மரக்கட்டை மாதிரி. டெல்மர் முதலில் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, தூக்கிப்போடச் சொன்னார். படத்தில் இருப்பது ஒன்பதாவது டேக். சாண்ட்விச் தின்றுவிட்டு வந்து, நிழல் மூக்கில் விழுகிறதா என்று கவலைப்பட்டபடி நடித்தது. உலகம் முழுக்க அழுதார்கள்.

அதன்பின் அவர் உண்மையாக உணர்ந்த ஒவ்வொரு டேக்குக்கும் பக்கத்தில் வல்லி 'நெ' என்று குறிப்பாள். நெசம் என்று பொருள். எடிட்டிங் அறையில் முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

ஆக, பதினான்கு படங்களிலும் நெசத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தவர்கள் அவர்கள் இருவரும். மிச்சத்தைத்தான் மெய்ம்மானி படித்திருக்கிறது.

பத்து வருடமாக அவளை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அப்போதுதான் புரிந்தது. கடை மேலாளர் மன்னிப்புக் கேட்டாலும், மேயர் வாக்குறுதி கொடுத்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் மனைவியிடம் கெஞ்சினாலும் எங்கேயோ பார்த்த முகம்போலவே இருந்தது. பார்வை தரைக்குப் போய் மெல்ல மேலே வரும். இடது புருவம் அரை நொடி தாமதமாக ஏறும். பச்சை வாங்கப் பழகிப் பழகி ஊரே அவருடைய புருவத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது.

"மேடம், இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் யோலண்டா. குரலில் நிஜமான வருத்தம். "இயந்திரம் சொல்றதுக்கு மேல எழுத எனக்கு இடமே கிடையாது. மூணாவது தடவை போடட்டுமா?"

டெல்மர் வல்லியின் காதருகே வந்தார். "ஏளா, ஒம்பதாவது டேக்கப் போட்டுறவா?"

அவருக்கு அது கண நேர வேலை. வல்லிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய கல்யாணத்தில், அவளைப் பார்த்து, நாலு கோடி டிக்கெட் விற்ற முகத்தால் ஒரு பொய் சொல்லப்படும். வேண்டாம் என்றால் உண்மை அவளோடு இருக்கும். அவர் அந்த மருத்துவமனைக் குழுவோடு இருப்பார்.

"போடுங்க" என்றாள். "நெத்தில வேர்வை இருக்கு. தொடச்சுக்கிடுங்க."

அவர் துடைத்துக்கொண்டார். தோளைத் தளர்த்தினார். பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

வல்லி வாழ்நாள் முழுக்க கேமராவுக்குப் பக்கத்தில், மடியில் தாளோடு உட்கார்ந்து பார்த்தவள். அந்தப் பார்வை போய் விழுகிற இடத்தில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது அது மேலே வந்து அவளிடம் நின்றது. புருவம் ஏறியது. "இவர் என் வாழ்க்கைத் துணை" என்று தொடங்கிய குரல் நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் தேய்ந்தது. எந்த இடத்தில் தேயும் என்று அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கண் நிறைந்துவிட்டது.

பச்சை. தொண்ணூற்றொன்பது.

கூடம் கைதட்டியது. யோலண்டா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏளா, அழுதியா?" என்றார் டெல்மர்.

"ஆமா. சொல்லும்போது என்ன நெனச்சீங்க?"

"அந்தப் பெட்டி கண்ணுல தூசி இருக்கு. தொடைக்கணும்னு நெனச்சேன்."

அவர்களுக்கு அடுத்த வரிசையில் ஓர் இளம் ஜோடி. காலையிலேயே பச்சை வாங்கிவிட்டுச் சான்றிதழுக்காகக் காத்திருந்தவர்கள். பெண்ணின் பெயர் கியாரா. அவள் சுவரில் இன்னும் எரிந்துகொண்டிருந்த நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு, மெல்லத் தன் மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"ஈதன், இத நீ எங்க கத்துக்கிட்ட?"

"எத? நான் மனசாரத்தான் சொன்னேன் கியாரா" என்றான் ஈதன். அவனுடைய இடது புருவம் அரை நொடி தாமதமாக ஏறியது. கூடத்தில் கைதட்டல் நின்றுபோயிருந்தது. முத்திரையைக் கையில் எடுத்த யோலண்டா, "எங்க வீட்டுக்காரரும் ஒவ்வொரு கல்யாண நாளைக்கும்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் முத்திரையைக் குத்தினாள்.

டெல்மர் கையெழுத்துப் போட்டார். போடும்போது ஒரு கண் சுருங்கி, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. வல்லி அதைப் பார்த்து நிம்மதியானாள். படப்பிடிப்பாக இருந்தால் ஓரத்தில் 'நெ' என்று குறித்திருப்பாள்.

பேனாவை அவளிடம் நீட்டியவர், சட்டென்று சிரித்தார்.

"ஏளா, ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லி எனக்கு ரெண்டு தடவை செவப்பு. நீ எப்படி மொதத் தடவையே தொண்ணூத்தி நாலு வாங்குன?"

சும்மா கிண்டல்தான். அவர் கை அவள் கைமேல்தான் இருந்தது. வல்லிக்குத் தன் மனதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பத்தோரு வருடம், நாள் முழுக்க ஒரு முகத்தையே பார்த்து, அதிலும் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தவள் அவள். கணவரின் சடலத்துக்கு முன்னால் நின்றபோது, அண்ணன் மகளை வாழ்த்தியபோது, இன்று காலை இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தன் முகம் எங்கே போய் என்ன கற்றுக்கொண்டு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல வாய் திறந்தவளுக்கு, முகத்தை என்ன செய்வது என்று புரியவில்லை.

அவர் காத்திருந்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

வல்லி இரண்டு கைகளாலும் முகத்தை இறுகப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குப் பின்னாலிருந்து, "நெசமாத்தான்யா" என்றாள்.

"அது போதும்ளா" என்றார் டெல்மர்.

கியாரா அந்த இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈதனிடம் சொன்னாள்: "கையால மூஞ்சிய மூடிக்க. மூடிக்கிட்டு மறுபடி சொல்லு."