திறக்க உத்தரவில்லை

பிணத்தின் வாயில் குடை இருந்தது!

பழைய கறுப்புக் குடை. அதன் வளைந்த கைப்பிடி வீரையனின் பற்களுக்கிடையே இறுகக் கவ்வப்பட்டிருந்தது.

மதிவாணன் மோட்டார் கொட்டகையின் நிலையைப் பற்றிக்கொண்டார்.

அன்று டிசம்பர் எட்டு. நீர்மூழ்கி வீரர்கள் நாள்.

காலை ஏழே முக்காலுக்குக் கைப்பேசி அலறியபோது, அவர் கும்பகோணத்து வீட்டில் ஒன்பது பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். சங்கத்தில் இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்கள். பதினொரு மணிக்கு, குத்தாலத்தை அடுத்த இந்தக் கிராமத்தில், வீரையன் வீட்டு வாசலில் அவற்றை அவர் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும், உயிரோடிருக்கும் ஒருவர் எழுந்து 'உள்ளேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அப்படித்தான்.

உயிரோடிருந்தவர்கள் நால்வர்.

கைப்பேசியில், நால்வரில் ஒருவரான ஹபீப் முகம்மதுவின் குரல், "மதி... தாள்ல இன்னொரு பேரு எழுதிக்கப்பா..." என்று உடைந்தது.

இப்போது மணி ஒன்பது. மூன்று நாள் மழை சற்றே ஓய்ந்திருந்தது. சம்பாப் பயிர் கழுத்தளவு நீரில் நின்றது. அந்த நீரை இறைக்கத்தான் வீரையன் விடியற்காலையில் டீசல் எஞ்சினைப் போட வந்திருக்கிறார்.

"உங்க பேரு?"

காவல் ஆய்வாளர் குந்தவை. நாற்பது வயது, தூக்கமில்லாத கண்கள்.

"மதிவாணனுங்க. நீர்மூழ்கி வீரர் சங்கத்துச் செயலாளர்."

"நீர்மூழ்கிக்குச் சங்கமா? அதுவும் நெல்லு வெளையற ஊர்லயா?"

"கடல்ல வேலை பார்த்தா என்னங்க, ரிட்டயர் ஆனா ஊருக்குத்தானே வரணும்."

"நீங்களும் கப்பல்லதான் இருந்தீங்களா?" குந்தவை அருகில் நின்ற ஹபீபின் பக்கம் திரும்பினாள்.

"கப்பல்னு சொல்லாதீங்கம்மா, வீரையன் எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பான். எங்களுக்கு அது போட். நான் அதுல சமையல். கடலுக்கடியில இட்லி அவிச்சவன்." சொல்லிவிட்டு ஹபீப் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குந்தவை பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இது கொலைங்க!"

"கொலையா...?"

"எஞ்சினுக்கு டீசல் போற குழாய் பிச்சுக்கிட்டுத் தீப்பிடிச்சிருக்கு. பெரிய தீ இல்லை, தானா அணைஞ்சிடுச்சு. ஆள் புகையிலதான் போயிருக்கார். ஆனா கதவு? வெளியில நாதாங்கி போட்டிருக்கு! கதவிடுக்குல ஈரச் சாக்கு... அதையும் வெளியிலேருந்துதான் திணிச்சிருக்காங்க. ஒரு சொட்டுக் காத்து உள்ள போகக் கூடாதுன்னு நெனச்சுச் செஞ்ச வேலை."

"யாரு செஞ்சிருப்பா?"

குந்தவை ஜீப்பைக் காட்டினாள்.

பின்னிருக்கையில் பரிதி! வீரையனின் ஒரே மகன். இரு காவலர்களுக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நேத்து டீக்கடையில அப்பனுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. 'அந்தக் கிழவரைக் கட்டிக்கிட்டே சாவுங்க'ன்னு கத்தியிருக்கான். கேட்டவங்க நாலு பேர். காலையில கதவைத் திறந்ததும் இவன்தான். கேட்டா, தூங்கிட்டிருந்தேங்கிறான்."

அந்தக் கிழவர் கொட்டகைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

இராஜாங்கம். எழுபத்தெட்டு வயது. எஞ்சின் பிரிவில், 'சீஃப்' என்று அழைக்கப்பட்ட வீரையனுக்குக் கீழே பணி செய்தவர். மனைவி இறந்து, ஐந்தாண்டுகளுக்கு முன் நினைவும் கலைந்துபோனபின், வீரையன் அவரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்பது பரிதியின் கட்சி. சேர்க்க முடியாது என்பது வீரையனின் கட்சி. சண்டை அதற்குத்தான்.

இராஜாங்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். விறைப்பாக நின்றார். கண்கள் கதவை விட்டு அகலவில்லை.

"காலையிலேருந்து இப்படித்தான் நிக்கிறார். ரெண்டு கான்ஸ்டபிள் இழுத்தும் நகரலை. பரிதி கதவைத் திறந்தப்ப, 'யாரு திறக்கச் சொன்னது'ன்னு அவனை அடிக்கப் போனாராம். பாவம், புத்தி சரியில்லாதவர்..." என்றாள் குந்தவை.

"அண்ணே!"

மதிவாணன் திரும்பினார்.

மங்களாம்பிகை. வீரையனின் மனைவி. ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

"அவரு போயிட்டாரு. அதை நான் தாங்கிக்குவேண்ணே. ஆனா என் புள்ளைதான் கொன்னான்னு சொல்றாங்களே... இன்னிக்கே கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அப்பனுக்குக் கொள்ளி வைக்கக்கூட அவனை விட மாட்டாங்களாண்ணே? நீங்க படிச்சவங்க, ஏதாச்சும் சொல்லுங்க..."



மதிவாணன் மறுபடியும் கொட்டகைக்குள் பார்த்தார்.

கதவுக்கு வலப்புறம், தோளுயரத்தில், ஓர் ஆணி. வீரையனின் குடை வழக்கமாகத் தொங்கும் ஆணி.

வலப்புறம்... தோளுயரம்...!



அவர்களுடைய போட்டின் எஞ்சின் அறையில், கதவுக்கு வலப்புறம், தோளுயரத்தில்தான் சுவாசக் கருவி தொங்கும். புகை சூழ்ந்தால் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி எடுக்க வேண்டும். வாயில் கவ்வ வேண்டும். ஆயிரம் முறை பழகிய பழக்கம்.

புகையில் கண் தெரியாத வீரையன் கையை நீட்டியிருக்கிறார். கையில் கிடைத்ததைக் கவ்வியிருக்கிறார்.

கிடைத்தது குடை!

மதிவாணனின் பார்வை ஈரச் சாக்கின்மேல் விழுந்தது. நான்காக மடித்து, ஓரம் பிசகாமல், மூலையிலிருந்து மூலைக்கு அழுத்தப்பட்ட சாக்கு.

கொல்ல வந்தவன் செய்த வேலையா அது? இல்லை. தீக்குப் போகும் காற்றை நிறுத்தும் வேலை. நீருக்கடியில் ஓர் அறை தீப்பற்றினால், அந்த அறையை அடைத்துவிடுவார்கள். உள்ளே ஆள் இருந்தாலும் அடைப்பார்கள். ஒருவரை விட்டு அறுபது பேரைக் காப்பது அங்கே சட்டம்.

இதைச் செய்தவர் ஒரு நீர்மூழ்கி வீரர்!

நால்வரில் ஒருவர் உள்ளே கிடந்தார். மதிவாணன் கும்பகோணத்தில் இருந்தார். ஹபீப் குத்தாலத்தில் இருந்தார்.

மிச்சம்...?

வாயைத் திறந்தால் சிக்குவது இராஜாங்கம். மூடிக்கொண்டால் பரிதி.

ஜீப் உறுமத் தொடங்கியது.

"நிறுத்துங்க மேடம்!"

தம் குரல்தானா அது என்று மதிவாணனே திகைத்தார்.

"என்னங்க?"

"ரெண்டு நிமிஷம் கொடுங்க. அதோ நிக்கிறாரே, அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

"அவர்கிட்டயா? அவருக்கு அவர் பேரே ஞாபகம் இல்லைங்க!"

"பேரு மறந்துடும். இது மறக்காது."

மதிவாணன் இராஜாங்கத்தின் எதிரே போய் நின்றார். முதுகை நிமிர்த்தினார். முப்பதாண்டுகளாகப் பயன்படுத்தாத குரலை எடுத்தார்.

"ரிப்போர்ட்!"

இராஜாங்கத்தின் குதிகால்கள் சேற்றில் ஒன்றுசேர்ந்தன.

"பின் கம்பார்ட்மென்ட்ல தீ! கதவு அடைச்சாச்சு! உள்ளே ஒருத்தர்!"



"உள்ளே யாரு?"

"சீஃப்."

"அடைக்கச் சொன்னது யாரு?"

"சீஃப்தான்! என்னைப் புடிச்சு வெளியில தள்ளிட்டு, 'அடைடா இராஜாங்கம்'னாரு. அடைச்சேன்."

"உள்ளேருந்து சத்தம் வந்ததா?"

"வந்தது. மூணு."

"மூணுன்னா?"

இராஜாங்கம், பயிற்சிக்கு வந்த புதியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுகூடத் தெரியாமலா போட்ல ஏத்துனாங்க உன்னை? ஒரு தட்டுன்னா திற. மூணு தட்டுன்னா திறக்காதே, வேலை நடக்குது!"

மங்களாம்பிகை தலையில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குந்தவை மதிவாணனைத் தனியே அழைத்தாள். "நீங்க கேட்டதுக்கெல்லாம் அவர் பதில் சொல்றார், சரி. நாளைக்கு இதே மனுஷன் மாத்திச் சொன்னா? மறதிக்காரர் பேச்சை நம்பி எப்படிங்க ஒருத்தனை விடுறது?"

"அவரை நம்ப வேண்டாம். விடியக்காலையில இந்தப் பக்கம் வேற யாரு இருந்தா?"

வாழைக்கொல்லைக்கு அப்பால், தன் வயலில் மடை வெட்டிவிட வந்த பிரகதாம்பாள் இருந்தாள். கொட்டகை அவள் கண்ணுக்கு மறைவு. ஒன்றும் பார்க்கவில்லை என்றதால், போலீசார் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

மதிவாணன் கேட்டார். "பார்க்கலை, சரிம்மா. காதுல ஏதாச்சும் விழுந்துதா?"

"விழுந்துதுங்கய்யா. இரும்பைத் தட்டுற சத்தம். வீரையண்ணன் எஞ்சினைக் கழட்டி மாட்டுறாருன்னு நெனச்சேன்."

"அதே மாதிரி தட்டிக் காட்டுங்க." கீழே கிடந்த ஸ்பேனரையும் ஒரு மண்வெட்டியையும் ஹபீப் எடுத்துக் கொடுத்தார்.

பிரகதாம்பாள் கண்ணை மூடினாள்.

டங்... டங்... டங்.

நிறுத்தினாள்.

டங்... டங்... டங்.

மதிவாணன் கடலுக்கடியில் காது கொடுத்துக் கேட்கும் சோனார் பிரிவில் இருந்தவர். பதற்றத்தில் கதவை இடிப்பவன் எண்ணி இடிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லாமலே குந்தவைக்கும் புரிந்துவிட்டது.

"ஆனா ஏங்க?" குந்தவை கேட்டாள். "வெளியில வயல்தானே இருக்கு? கதவைத் திறந்து ஓடி வந்திருக்கலாமே! யாரைக் காப்பாத்த அடைக்கச் சொன்னார்?"

மதிவாணன் நீர் தேங்கிய வயலைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையும் தண்ணீரும்.

"யாரையும் இல்லைங்க. தீயைக் கண்டதும் வயசு முப்பதாயிடுச்சு அவருக்கு. அடைச்சுட்டு, அணைச்சுட்டு, அப்புறம் திறக்கச் சொல்லலாம்னு நெனச்சிருப்பார். அவர் கணக்கு சரிதான்... தீ அணைஞ்சிடுச்சு பாருங்க. போட்ல அந்த ஆணியில மாஸ்க் தொங்கும். இங்க குடை தொங்குச்சு."

ஹபீப் முகம்மது சத்தமாக அழுதார்.

குந்தவை ஜீப்பை நோக்கிக் கையசைத்தாள். பரிதி இறங்கினான். நடந்ததை அம்மாவிடம் கேட்டறிந்தான். நேரே இராஜாங்கத்திடம் நடந்தான். ஹபீப் பதறிக் குறுக்கே ஓடினார்.

பரிதி தன் சட்டையைக் கழற்றினான். அந்த முதியவரின் நனைந்த தலையைத் துவட்டினான்.

"சித்தப்பா... வீட்டுக்குப் போவோம் வாங்க."

"டியூட்டியில இருக்கேன்."

"நம்ம வீட்டுக்குத்தான் சித்தப்பா. வேற எங்கயும் அனுப்ப மாட்டேன்."

இராஜாங்கம் அசையவில்லை.

மதிவாணன் வாய்க்கால் கரைக்கு விலகிப் போனார். தனியே அழ அவருக்கு ஓரிடம் வேண்டியிருந்தது.

"அய்யா..."

பிரகதாம்பாள் பின்னாலேயே வந்திருந்தாள்.

"போலீசம்மாகிட்ட ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. மூணு மூணா நாலஞ்சு தடவை கேட்டுச்சுங்களா... அப்புறம் சித்த நேரம் சத்தமே இல்லை. கடைசியா ஒரே ஒரு தட்டு. லேசா. ஒண்ணோட நின்னுபோச்சு."



ஒரு தட்டு!

திற!

"அந்த நேரம்... இராஜாங்கம் எங்க இருந்தார்? பார்த்தீங்களா?"

"இதோ, இங்கதான் நின்னாருங்க. வாய்க்கால்ல சாக்கை நனைச்சுக்கிட்டிருந்தாரு. சாக்கை அலசுறாருன்னு நெனச்சேன். மடைத் தண்ணி இரைச்சல்ல அவருக்குக் கேட்டிருக்காதுங்க." அவள் தயங்கினாள். "நான் போய் போலீசம்மாகிட்டச் சொல்லிடட்டுங்களா?"

"வேண்டாம்."

"அய்யா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது மங்களாம்பிகை வழியில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். கடைசியில... திறக்கச் சொல்லித் தட்டினாராண்ணே?"

முப்பதாண்டுப் பணியில், கேட்ட ஒலியைக் கேட்கவில்லை என்று மதிவாணன் ஒருமுறைகூட அறிக்கை தந்ததில்லை.

"இல்லம்மா. மூணுதான். கடைசி வரைக்கும் மூணேதான்."

அவள் கண்களை மூடித் தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி பதினொன்று. ஆம்புலன்ஸ் வந்து வீரையனைக் கொண்டுபோயிற்று. குந்தவை குறிப்பேட்டில் 'விபத்து' என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. காலியான கொட்டகையின் கதவருகே இராஜாங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பரிதி கெஞ்சிப் பார்த்தான். ஹபீப் கஞ்சி தருவதாக ஆசை காட்டினார். மதிவாணன் அதட்டிப் பார்த்தார். 'திறக்க உத்தரவு வரலை' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

குந்தவை தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போனாள். காலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தாள்.

"கதவைத் திறக்கலாம். டியூட்டி முடிஞ்சுது. இது என் உத்தரவு!"

இராஜாங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார். தோள்பட்டை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நீங்க என்ன ரேங்க்?"

"இன்ஸ்பெக்டர்."

"மன்னிச்சுக்கணும்மா..." என்றார் இராஜாங்கம், மிகுந்த மரியாதையுடன். "அது பஸ்ல டிக்கெட் கேக்கறவங்க!"