மச்சானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

பின்னால் வந்துகொண்டிருந்த அன்ஸாருக்கு மூச்சு வாங்கவில்லை.

றுவைஸ் இதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மலையேறத் தொடங்கிய நாளிலிருந்து அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்ப் பம்ப் ஓடுவதைப்போல அந்த மூச்சு இழுத்துக்கொண்டே வந்தது. இழுப்பும் சீறலும், நடுநடுவே ஒரு 'யா அல்லாஹ்'வும், காறித் துப்புகிற சத்தமும், போத்தல் மூடியைத் திருகுகிற கிறீச்சும். கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப் போயிருந்தது. இப்போதோ செங்குத்தான ஏற்றம், கணுக்கால் புதையும் சருகு, உச்சி வெயில், வீரை மரங்களில் சில்வண்டு தலைவலி வருமளவுக்குக் கத்துகிறது, அத்தனைக்கும் நடுவே பின்னாலிருந்து காலடி மட்டும் வருகிறது. சரக், சரக், சரக். ஒரே சீராக.

அப்பாடா, என்று நினைத்தான் றுவைஸ். இப்போதுதான் அந்த அரிசி மூட்டைக்கு உடம்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது.

அரிசி மூட்டை என்பது அவனுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா நஜ்முன் நிஸாவின் புருஷன். கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருக்கிற மனிதர். ஆணி, பிணைச்சல், தண்ணீர்க் குழாய், இவற்றைத் தவிர உலகத்தில் கதைக்க வேறொன்றும் இருப்பது அன்ஸாருக்குத் தெரியாது என்பது றுவைஸின் முடிவு. றுவைஸ் அப்படிப்பட்ட ஆளா? திருகோணமலை டவுனில் கந்தோரில் எழுத்து வேலை, லீவு கிடைத்தால் மலை. அவனுடைய சப்பாத்து வெளிநாட்டிலிருந்து வந்தது. ஊன்றுகோல் மடங்கி விரிகிற சாதி. முகட்டில் நின்று மார்பை முன்னுக்குத் தள்ளி அவன் எடுக்கிற படங்களுக்கு முகநூலில் ஊரே இதயம் போடும். அப்பேர்ப்பட்டவனிடம்தான், 'சீனி வருத்தத்துக்கு நடக்க வேண்டும்' என்று டொக்டர் சொன்ன தன் புருஷனை ராத்தா பொறுப்புக் கொடுத்தாள்.

"தம்பி, என்ட மனிசன் ஒரு பாவம். நீ கூட்டிக்கொண்டு போறாய். நீயேதான் கொண்டு வந்து என்ட கையில தரணும்," என்றாள்.

"தொலைச்சிட்டு வரமாட்டன் ராத்தா," என்று சிரித்தான் இவன்.

துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கன்னியாவுக்கு மேலே தொடங்கி இறக்கக்கண்டிப் பக்கம் இறங்குகிற மலைகள் அவை. நேரே போனால் சீக்கிரம் முடிந்துவிடும். றுவைஸுக்கு நேரே போகத் தெரியாது. ஒவ்வொரு முகடாக ஏறி இறங்கி, கூடாரம் அடித்து, நாட்கணக்கில் இழுத்தால்தான் அவனுக்கு அது நடை. முதல் நாளே அன்ஸாரின் குதிக்கால் உரிந்துவிட்டது. மனிதர் ஒரு வார்த்தை முறையிடவில்லை, தைலத்தைப் பூசிக்கொண்டு நடந்தார். அந்தத் தைலத்தின் மணமும் றுவைஸுக்குப் பிடிக்கவில்லை.

அன்று அந்தி சாய்கிற நேரம், தேத்தண்ணிக்கு நெருப்பு மூட்டும்போது, அன்ஸார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மச்சான், ஒரு கதை. காட்டுக்குள்ள ஆளை ஆள் பேர் சொல்லிக் கூப்பிடப்படாது. எங்கட வாப்பாக்கள் விறகு வெட்டப் போற காலத்தில மச்சான், காக்கா எண்டு முறை சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"பேர் சொன்னா என்ன, புலி வந்து கையெழுத்து வைக்குமா?"

"காடு கேட்டுக்கொண்டிருக்கும் மச்சான். பேரைக் கீழ போட்டா, பொறுக்கி எடுக்கிறதுக்கு ஆள் இருக்கு. அதால, என்ட பேரைச் சொல்லி ஒரு குரல் வந்தா நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்திடுவன். அது நம்மட ஆளா இருக்காது."

"இதையும் கடையில விக்கிறீங்களா?" என்றான் றுவைஸ். அன்ஸாரும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தெரிந்தும் சிரிக்கிற மனிதர் அவர், அதுதான் றுவைஸுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இன்று காலையில்தான் அது நடந்தது. வழியில் ஒரு மொட்டைப் பாறை. அன்ஸார் அதில் சாய்ந்துகொண்டு, "நீங்க மெல்லப் போங்க மச்சான், நான் மூச்சு எடுத்திட்டு வாறன்," என்றார். றுவைஸ் மெல்லப் போகவில்லை, வேகமாகப் போனான். அடுத்த வளைவில் நின்று பார்த்தான், வரவில்லை. இன்னும் நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நல்ல வெளிச்சத்தில் எடுக்கவேண்டிய படங்கள் வீணாகிக்கொண்டிருந்தன, அவனுக்கு உச்சந்தலை கொதித்தது. மச்சானாம் மச்சான். அந்த முறையைச் சொல்லவே நாக்குக் கூசியது.

"அன்ஸார்!" என்று கத்தினான். "டேய் அன்ஸார்!"

ராத்தாவின் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவர்களுடைய குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கோபத்திலும் இல்லை, சண்டையிலும் இல்லை. றுவைஸ் கூப்பிட்டான், அதோடு 'டேய்'யும் போட்டான், போட்டுவிட்டு அதில் ஒரு சுகமும் கண்டான்.

சில்வண்டு நின்றது. பாறைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் பேரைச் சொன்னான்.

"ஓம்."

பதில் வந்தது பாறைப் பக்கமிருந்து அல்ல, பாதைக்குக் கீழே, முட்பற்றைக்குள் இருந்து. பிறகு அன்ஸார் ஏறி வந்தார். நீல ரீசேட், தொப்பி, முதுகில் பை, எல்லாம் அப்படியே. "கக்கூசுக்கா போனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் றுவைஸ் திரும்பி நடந்தான். முகத்தை அவன் பார்க்கவில்லை. மதிக்காத ஆளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இப்போது அந்த ஏற்றத்தில் நின்று யோசிக்கும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பாறையை விட்ட பிறகு போத்தல் மூடி திருகுகிற சத்தம் கேட்கவில்லை. சீனி வருத்தக்காரர், தண்ணீர் குடித்துக் குடித்தே பாதி வழியைக் கழித்தவர். உரிந்த குதிக்காலை நொண்டவில்லை. தைல மணம் இல்லை. அதற்குப் பதிலாக, காற்று பின்னாலிருந்து வீசும்போதெல்லாம், பாழ்ங்கிணற்றுக்குள் தலையை நீட்டினால் வருமே, ஈரக் கல்லும் பாசியுமாக ஒரு குளிர்ந்த மணம், அது வந்தது. வேர்வைக்கு மொய்க்கிற கொள்ளு ஈ அவனுடைய கண்ணிலும் காதிலும் மூக்கிலும் மொய்த்தது. பின்னால் ஒரு ஈ பறக்கிற சத்தமும் இல்லை.

சும்மா பயந்து சாகாதே, என்று தன்னையே ஏசிக்கொண்டான். அந்த ஆளோடு சேர்ந்து உனக்கும் மூளை துருப்பிடித்துவிட்டது.

"தண்ணி வேணுமா?" என்று திரும்பாமலே கேட்டான்.

"ஓம்."

போத்தலைப் பின்னால் நீட்டினான். ஒருவரும் வாங்கவில்லை. கை நோகும்வரை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, மடக்கிக்கொண்டான்.

நடந்தான். காலடியும் நடந்தது. ஒரு அடியைத் தாமதித்து வைத்தான். அதுவும் தாமதித்தது. இவன் கால் சருகில் படுகிற அதே நொடியில்தான் அந்தக் காலும் படுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு பேர் நடக்கிறார்கள், சத்தம் ஒன்றுதான்.

பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைந்து மறு பக்கத்துக்கு வந்திருந்தது. மரங்கள் விலகின. தூரத்தில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் துறைமுகத்தில் அசையாமல் நின்ற இரண்டு கப்பலும் தெரிந்தன. ஊர் தெரிந்ததும் தைரியம் வந்தது. கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தான். கப்பலைப் பார்த்தான். தாங்கிகளைப் பார்த்தான். அப்படியே திருப்பி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், காலையில் விட்டுவந்த மொட்டைப் பாறையைப் பார்த்தான்.

பாறையின் கீழே நீலம்.

ஒரு ஆள் குந்தியிருந்தார். முழங்காலை மார்போடு சேர்த்து, இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு. தோள்கள் ஏறி இறங்கின. ஏறி இறங்கின. பை பக்கத்தில் கிடந்தது, ஒரு சப்பாத்து கழற்றிக் கிடந்தது. தொப்பியில்லாத அந்தத் தலை, றுவைஸ் போன பாதைப் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தது, கன்னமெல்லாம் ஈரம். காலையிலிருந்து அப்படியே இருக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டது தன்னுடைய மச்சானாக இருக்க முடியாது என்று அவ்வளவு நம்பிக்கை அந்த மனிதருக்கு.

ஒரே ஒரு வார்த்தை போதும். பள்ளம் அகலமில்லை, கத்தினால் கேட்கும். 'மச்சான்!' என்று ஒரு தரம் கூப்பிட்டால் அவர் எழுந்து ஓடி வருவார்.

வாயைத் திறந்தான்.

பின்னால் சருகு அசைந்தது. மிகப் பக்கத்தில். பிடரியில் குளிர்.

"போவமா மச்சான்?"

அன்ஸாரின் குரல். அதே இழுவை. அதே பணிவு.

றுவைஸ் கண்ணாடியை இறக்கினான்.

"ஓம்," என்றான்.

நடந்தான். அவ்வளவுதான் அவனுடைய வீரம். அத்தனை மலை ஏறியவன், அத்தனை இதயம் வாங்கியவன், ஒரு வார்த்தை கத்தப் பயந்து, குனிந்த தலையோடு இறங்கினான். இறக்கம் முழுக்க ஒரே ஒரு கணக்குத்தான் அவனுடைய மண்டைக்குள் ஓடியது. ராத்தா கண்டுபிடிப்பாள். இத்தனை காலம் கூட வாழ்ந்தவள், பார்த்ததுமே கத்துவாள். அவள் கத்தட்டும். அவள் கத்தினால் ஊர் கூடும், ஆட்கள் மேலே போவார்கள், பாறையடியிலிருந்து அந்த மனிதரைக் கூட்டி வருவார்கள். தான் வாய் திறக்கத் தேவையில்லை.

வெயில் சாயும்போது தார் ரோட்டுக்கு வந்தார்கள். மருத மரத்தின் கீழே, பேசிவைத்தபடி அவர்களைக் கூட்டிப்போக வந்த வாடகை ஓட்டோ, அதன் பின் சீற்றில் ஓட்டுநர் நித்திரை. நிழலில் பாய் விரித்து, சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ராத்தா இருந்தாள். கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

றுவைஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அல்லாஹ்வே, இவர்ர முகம் எவ்வளவு தெளிஞ்சு போச்சு!" என்றாள் ராத்தா. தொட்டுப் பார்த்தாள். "குளிர்ந்து கிடக்கு. இந்த வெக்கையிலயும் ஒரு துளி வேர்வை இல்ல. தம்பி, நீ இருக்கியே!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்.

மடைச்சி. என்ன மடைச்சி இவள். பாரடி, நல்லாப் பாரடி, என்று உள்ளுக்குள் கத்தினான் றுவைஸ். வெளியே உதடு அசையவில்லை.

பாயில் இருந்தார்கள். அது ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக றுவைஸ் அந்த முகத்தைப் பார்த்தான். அன்ஸாரின் முகம்தான். கண் இமைக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாயைத் திறங்க, களைச்சுப் போய் வந்திருக்கீங்க," என்று ராத்தா ஒரு பிடி சோற்றை உருட்டி எடுத்தாள். அது வாயைத் திறந்தது. கையை அந்தப் பக்கம் நீட்டியபடி, முகத்தை மட்டும் தம்பியிடம் திருப்பினாள். "நான் பயந்துதான் இருந்தனான், தெரியுமா? உனக்கு அவரைக் கண்ணில காட்டேலா எண்டு எனக்குத் தெரியும். வழியில விட்டிட்டு வந்திடுவியோ எண்டெல்லாம் நினைச்சன். என்னை மன்னிச்சிடு தம்பி."

விரல்கள் உள்ளே போயின. உள்ளங்கை போனது.

"சொன்ன மாதிரியே கொண்டு வந்து என்ட கையில தந்திட்டாய்."

மணிக்கட்டு. கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாகப் பல்லில் தட்டின. தட்டித் தாண்டின. பிறகு அந்தச் சத்தம் உள்ளே எங்கேயோ, ஆழத்தில் கேட்டது.

"நல்ல பசி போல," என்றாள் ராத்தா, இன்னும் திரும்பிப் பார்க்காமல், தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, முழங்கைவரை.