பன்னிரண்டு குழாய்கள்

மூன்று நாள் மழைக்குப் பிறகும் அந்தச் சுவர் நனையவில்லை. கொடியில் தொங்கிய துவாலை ஈரம், அடுக்கி வைத்த விறகு ஈரம், அடுப்படியில் உப்புகூடக் கசிந்து கிடந்தது. ஒரு மலையையே முதுகில் தாங்கி நிற்கும் சுவர் மட்டும் காய்ந்து, உள்ளங்கைக்கு லேசான சூடாக இருந்தது. சிவசாமி கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஏறும் பாதையில் கடைசி வீடு அவருடையது. சரிவை வெட்டித் தட்டாக்கிக் கட்டியதால், பின்பக்க மண் சரியாமலிருக்க எட்டடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பிப் பூசியிருந்தார். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே தகரம் போட்ட முற்றம். சுவரின் ஊடே, தண்ணீர் வடியப் பன்னிரண்டு குழாய்கள். இந்த மாதிரிச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் விழுவதில்லை, தண்ணீரின் பாரத்தால்தான் விழுகின்றன. மழைநீர் தேயிலைக்கு அடியில் இறங்கி, சுவரின் பின்னால் வந்து தேங்கும். வழி கொடுத்தால் குழாய் வழியே சொட்டிப் போய்விடும். கொடுக்காவிட்டால் தள்ளத் தொடங்கும். முப்பது வருஷம் தோட்டத்தில் வடிகான் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர் சிவசாமி. மலையிலிருந்து தண்ணீரை எந்தக் கான் வழியே எவ்வளவு சரிவில் இறக்கவேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

தெரிந்தேதான் திங்கட்கிழமை பன்னிரண்டு குழாய்களையும் சிமெந்து வைத்து அடைத்தார்.

ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் துருநிறத்தில் கறை இறங்கி, பாசி பிடித்திருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் முன்னறையில் தலையாட்டுவார்கள், முற்றத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். “என்னங்க, சுவரு அழுவுது?” என்று ஒருவர் சிரித்துவிட்டே போனார். மனைவி நாகலெட்சுமிக்கு இந்தக் குளிர் சேரவில்லை. மூச்சிழுப்பு வந்து, போன மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது வத்தளையில், மகள் லோஜினியின் ஒற்றை அறையில் ஒரு பாயில் படுத்திருக்கிறாள். இந்த வீடு நல்ல விலைக்குப் போனால்தான் கீழ்நாட்டில் அவளுக்கென்று ஒரு கூரை. அடைத்த குழாய்களுக்கு மேல் பட்டி தடவி, சந்தன நிறத்தில் இரண்டு தடவை பெயின்ட் அடித்தார். சுவர் கல்யாண வீட்டுச் சுவர் போல ஆனது.

சனிக்கிழமை மத்தியானம் நாகலெட்சுமி போன் பண்ணினாள்.

“இன்னிக்கி வீடு பாக்க வர்ற பொண்ணு புள்ளத்தாச்சியாம். மலையில ஆள வெரட்டுற மாதிரி பேசாம, மெதுவா பேசுங்க.”

“சரி சரி.”

“சுவரு எப்படி இருக்கு?”

“காஞ்சு கெடக்கு.”

“இந்த மழைக்கா? பொய் சொல்ல நல்லா பழகிட்டீங்க.”

“பொய்யில்ல லெட்சுமி. நெசமாத்தான் சொல்றேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இழுப்பாக மாறி, இருமலில் முடிந்தது. போன் அணைந்த பிறகுதான் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். நேற்றும் கேட்டது, எலி என்று நினைத்திருந்தார். பூச்சுவேலையில் மேசன் கரண்டியால் கலவையை இழுத்துவிடும்போது வருமே, நீளமாக ஓர் இழுப்பு, சின்ன இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு, அந்த மாதிரி. சுவரின் பின்னாலிருந்து வந்தது.

மூன்று மணிக்குப் பனிமூட்டம் முற்றத்துக்குள் இறங்கிவிட்டது. அவர் ஒரு நூலில் கல்லைக் கட்டி, சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். சுவர் நேராக இருந்தால் நூல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தொங்கும். இங்கே நடுவில் சுவர் நூலைப் பிடித்து வெளியே தள்ளியது. இரண்டு விரல் அளவு. காலையில் பார்த்தபோது ஒரு விரல்தான்.

விலை போனால் போகிறது என்று இரும்பு அலவாங்கை எடுத்தார். இவ்வளவு நாள் தேங்கிய தண்ணீர் பீறிட்டு அடிக்கும் என்பதால் ஒதுங்கி நின்று, நடுக் குழாயின் சிமெந்தை இடித்தார். உடைந்து விழுந்தது.

தண்ணீர் வரவில்லை.

காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. விறகுப் புகையும் ரொட்டி சுடும் வாசமும் கலந்த காற்று. குழாய் ஒரு முழ நீளம். அதற்கப்பால் அவரே கையால் அடுக்கிய சல்லிக்கல், அதற்கப்பால் மண், மேலே தேயிலை. வேறொன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

கல் இல்லை. மங்கலான மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

பிறகு வெளிச்சத்தை ஒரு கை மறைத்தது. ஈரக் களிமண்ணை உருட்டிக் குழாய்க்குள் திணித்தது. கட்டைவிரல் ஓரத்தைச் சுற்றி வழித்தது. பிசிறில்லாமல். நிதானமாக. அவர் திங்கட்கிழமை செய்ததைப்போலவே.

குழாய் அடைபட்டது.

“ஐயா, இருக்கீங்களா?”

வீடு பார்க்க வந்த துஷாந்தும் அவன் மனைவி ஜெனுஷாவும் வாசலில் நின்றார்கள். அலவாங்கை விறகுக்குப் பின்னால் தள்ளியது சிவசாமியின் கைதான். தள்ளிய பிறகே அவருக்கு அது தெரிந்தது. முன்னறை பார்த்தார்கள். அடுப்படி பார்த்தார்கள். முற்றத்துக்கு வந்ததும் துஷாந்த் விசிலடித்தான்.

“பாத்தியா? இந்த மழைக்கு நம்ம வாடகை வீட்டுல தவள குடியிருக்கு. இங்க ஒரு பொட்டு ஈரம் இல்ல.”

“சும்மா இருங்க, வெலைய ஏத்திடப் போறாரு,” என்றாள் ஜெனுஷா. மலை ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தாள். “ஐயா, கொஞ்சம் சாஞ்சுக்கவா? காலு நிக்கல.”

நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு விரல்.

சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. வேணாம்மா. அது தொண்டைவரை வந்தது. வத்தளையில் இருமும் சத்தமும் கூடவே வந்தது.

“தாராளமா சாஞ்சுக்கம்மா,” என்றார்.

அவள் முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்களை மூடினாள். “நல்லா வெதுவெதுன்னு இருக்குங்க. நமக்குப் புடிச்சிருக்கு, என்ன?”

“அப்ப முடிச்சிருவோம். அப்புடியே இரு, அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்புறேன்.” துஷாந்த் போனைத் தூக்கி, திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தான்.

அவளுடைய இரண்டு தோள்களுக்கும் பின்னால் இருந்த குழாய்களின் சிமெந்து சத்தமில்லாமல் உதிர்ந்தது. இடுப்புக்குப் பின்னாலும். விரல்கள் வந்தன. மெலிந்தவை. ஈரக் களிமண் பூசியவை. அவசரப்படவில்லை. அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்த இடமெல்லாம் மண்ணை வைத்து, ஒழுகும் ஓர் ஓட்டையை அடைப்பதைப்போல, ஓரத்தைச் சுற்றி வழித்துக்கொண்டே வந்தன.

“சிரி,” என்றான் துஷாந்த்.

அவள் சிரித்தாள்.