சின்ன அறையின் தூசி

சனிக்கிழமை மதியம், பனி விழுந்துகொண்டிருக்கும்போது வெர்னன் தன் வேனை அந்த வீட்டு வாசலில் நிறுத்தினான். க்ளீவ்லேண்ட் நகரின் கிழக்குப் பக்கம், பழைய மரப்பலகை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு. வீடு அவன் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாடியிலிருந்த சின்ன அறை மகள் ஐவிக்கு என்று பார்த்த அன்றே முடிவாகிவிட்டது. ஐவிக்கு இரண்டு வயது. கையில் எது கிடைத்தாலும் நேராக வாய்க்குப் போகும்.

அதனால்தான் அவன் மனைவி லொரெய்ன் காலையில் கறாராகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"அந்த ஜன்னல்ல இருக்கிறது பூரா ஈயப் பெயிண்ட். தூசி பிள்ளை வாய்க்குப் போனா விஷம். தண்ணி தெளிச்சு, ஈரத்தோடதான் சுரண்டணும். மெஷினைத் தொடாத. நீ முடிச்சுத் தொடச்சு எடுக்கிற வரைக்கும் நானும் பிள்ளையும் அக்கா வீட்லதான்."

"சரிம்மா" என்றிருந்தான்.

லொரெய்னின் தம்பி ரோஸ்கோ வேனிலிருந்து பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"அக்கா இது வேணாம்னுச்சே?"

"உங்க அக்கா இங்க இல்லையே."

"அதுவும் சரிதான். தெரிஞ்சா உன்னைத்தான் மச்சான் தண்ணி தெளிச்சுச் சுரண்டும்."

ஈரத்தோடு சுரண்டினால் இரண்டு நாள் வேலை. மெஷின் வைத்தால் இருட்டுவதற்குள் முடிந்துவிடும். வெர்னன் மாஸ்க் போட்டுக்கொண்டான். அறை வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினான். ஒரு எறும்பு நுழைய வழியில்லை. அதைப் பார்க்க அவனுக்கே திருப்தியாக இருந்தது.

அறைக்குள் ஊறிப்போன மரத்தின் வாடை. அதற்கு அடியில் மாஸ்க்கையும் தாண்டி ஒரு இனிப்பு வாசனை, சர்க்கரைப் பாகு தீய்ந்த மாதிரி.

ஜன்னல் திறக்கவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் பலகை அலறிக்கொண்டு பெயர்ந்தது. பெயிண்ட் பாளம் பாளமாக உதிர்ந்தது. மேலே வெள்ளை. அடியில் பச்சை. அதற்கும் அடியில் ரோஸ். எந்தெந்தக் காலத்தில் யார் யார் அடித்ததோ.

ரோஸ்கோ குனிந்து பார்த்தான். ஜன்னல் விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பல்தடங்கள்.

"நாயா இருக்கும்" என்றான் வெர்னன்.

"இவ்ளோ சின்னப் பல்லு எந்த நாய்க்கு? பிள்ளைங்கதான். அந்தப் பெயிண்ட் இனிக்குமாம்ல, உக்காந்து கடிச்சுத் திங்குங்க." அவன் பச்சையில் விரல் வைத்தான். பிறகு ரோஸில். குரல் இறங்கியது. "மச்சான், முன்பல்லுல ஒண்ணு இல்ல பாரு. வெள்ளையிலயும் அப்படித்தான். பச்சையிலயும். இதுலயும். எல்லாம் ஒரே வாய்."

வெர்னன் மெஷினை ஓடவிட்டான்.

தூசி எழுந்தது. ஆனால் பரவவில்லை. ஒரு சின்னக் குழந்தை எழுந்து நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் வெள்ளையாக நின்றது.

மெஷின் சத்தத்துக்குள் வேறொரு சத்தம். மரத்தை மெல்லுகிற சத்தம்.

வெர்னன் மெஷினை அணைத்தான்.

மெல்லுவது நிற்கவில்லை.

"ரோஸ்கோ, வாயை வச்சுட்டுச் சும்மா இரு."

"நான் ஒண்ணும் மெல்லல, மச்சான்."

வாசல் ஷீட் மெல்ல உள்ளே புடைத்தது. இடுப்புக்குக் கீழே, பிளாஸ்டிக்கில் ஒரு முகம் பதிந்தது. மூக்கு. கண்குழிகள். வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

ரோஸ்கோ பின்வாங்குவதற்குள் ஷீட் டேப்போடு பிய்ந்து அவன் தலையைச் சுற்றிக்கொண்டது. அவன் விழுந்து கால்களை உதைத்தான். வெர்னன் டேப் வெட்டிய கத்தியால் ஷீட்டைக் கிழித்தான். அவசரத்தில் கத்தி பிளாஸ்டிக்கோடு ரோஸ்கோவின் கன்னத்தையும் கிழித்தது. அவன் வாய்க்குள் காற்று போன அதே நொடி, அணைத்து வைத்த மெஷின் தானாக உறுமி, தரையில் ஊன்றியிருந்த அவன் கைமேல் ஏறியது.

தோல் போனது. சதை போனது. வெர்னன் வயரைப் பிடுங்கி எறிந்த பிறகும் அது ஓடியது. எலும்பில் கரகரவென்று மோதிய பிறகுதான் நின்றது.

சுவரெல்லாம் ரத்தம். தூசி அதன்மேல் போய்ப் படிந்தது. சுவர் மறுபடி வெள்ளையானது.

அப்போது வீட்டுக்கு அடியில் நிலவறையில் இருந்த ஹீட்டர் ஓடத் தொடங்கியது.

நின்றிருந்த தூசி முழுவதும் ஒரே இழுப்பில் தரைக்குப் பாய்ந்தது. மூலையில் ஒரு கம்பிவலை. வீட்டுக் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, கீழ் அறைகளுக்கு அனுப்புகிற குழாயின் வாய். வாசலை அடைத்தவன் அதை அடைக்கவில்லை. ஹீட்டரை அணைக்கவும் இல்லை.

அறை காலியானது.

போகட்டும், கீழே யாருமில்லை என்று நினைத்தான்.

"வெர்னன்?" கீழே லொரெய்ன். "பனியில ரோட்டை அடைச்சுட்டாங்க. மணிக்கணக்கா கார்ல நின்னும் அக்கா வீட்டுக்குப் போகவே முடியல. சமையலறையிலயே இருக்கோம், மேல வரல."

படிகளில் விழுந்து எழுந்து ஓடினான்.

லொரெய்ன் அடுப்பில் சூப் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், தரைக் கம்பிவலைமேல் குளிருக்கு இதமாக உட்கார்ந்திருந்தாள் ஐவி. தலைமுடி மேல்நோக்கிப் பறந்தது. வாய் திறந்திருந்தது. வலையிலிருந்து வெள்ளைத் தூசி நூல்போல எழுந்து அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஐவி, வாடா கண்ணு."

தூக்கினான். வரவில்லை. அடியிலிருந்து ஏதோ இழுத்தது. அவள் தலையைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் போய் நின்றது. கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்த லொரெய்னை ஐவி ஒரே உதறலில் அலமாரிமேல் எறிந்தாள். கண்ணாடி நொறுங்கியது. நெற்றி பிளந்து, லொரெய்ன் தவழ்ந்தபடியே திரும்பி வந்தாள்.

"விடாத வெர்னன். கையே போனாலும் விடாத."

நிலவறையில் இரும்பு மோதும் சத்தம். பின்னாலேயே இறங்கிப் போன ரோஸ்கோ, மிச்சமிருந்த ஒரு கையால் கடப்பாரையைப் பிடித்து ஹீட்டரை அடித்துக்கொண்டிருந்தான். தகரம் கிழிந்தது. காற்று நின்றது.

ஐவியின் பிடி தளர்ந்தது. உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. உதட்டில் வெள்ளை நுரை.

"மூச்சு விடும்மா. அப்பா இருக்கேன். மூச்சு விடு."

விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி ஏறியது. வலிப்பு அடங்கியது. ரத்தத்தில் ஈயம் ஏராளம், ஆனாலும் இறக்கிவிடலாம், பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். ரோஸ்கோவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லொரெய்ன் நெற்றித் தையலோடு சுவரில் சாய்ந்து அழுதாள். வயிற்றில் பெயிண்ட் துகள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஐவியை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். வெர்னனைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். ஐவி அசையாமல் தூங்கினாள்.

எக்ஸ்ரே எடுத்த பெண் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"குழந்தையை யாரும் பிடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? படத்துல கை விழுந்திருக்கு."

"யாரும் உள்ள போகலையே. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவள் திரையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். ஐவியின் விலா எலும்புகளுக்குள்ளே, முதுகெலும்பை இறுகப் பற்றிக்கொண்டு, பளிச்சென்ற வெள்ளையில் ஐந்து குட்டி விரல்கள்.

அந்தப் பெண் இன்னொரு படம் எடுத்தாள்.

இப்போது இரண்டு கை.