மூன்று தட்டு

வால்வை மூடி வெகுநேரமாகியும் சுவர் நனைவது நிற்கவில்லை. மீட்டரின் முள் அசையவில்லை. மேல்தொட்டியிலும் தண்ணீர் குறையவில்லை. ஆனாலும் குளியலறைச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்த அந்த ஒரு டைலின் ஓரத்தில் மட்டும் நீர் துளிர்த்து, திரண்டு, மெல்ல வழிந்துகொண்டிருந்தது. பிளம்பர் விரலால் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது.

தொழிலில் அவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினாரென்றால் எந்த ஒழுகலும் தப்பாது. வீட்டில் இந்தப் பெருமையெல்லாம் செல்லாது. "செவுத்துக்குள்ள சொட்டுறது கேக்குது, நான் கூப்பிடுறது மட்டும் கேக்காதா?" என்று மனைவி நாள் தவறாமல் இடிப்பாள். இன்று கிளம்பும்போதும் அதே கதைதான். சின்ன மகளுக்குக் காய்ச்சல், அப்பா பக்கத்தில் படுக்காமல் தூங்கமாட்டாள், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள் என்று அவள் சொன்னது மூன்றாவது தடவையில்தான் இவர் காதில் ஏறியது. வந்துவிடுகிறேன் என்று குழந்தையின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது ஸ்க்ரூடிரைவர் வழியாகச் சொட்டுச் சத்தம் எதுவும் வரவில்லை. டொக். டொக். டொக். கொஞ்சம் அமைதி. மறுபடி மூன்று.

போன மழைக்காலத்திலிருந்தே இந்தச் சத்தம் இருக்கிறதென்று வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றபடி சொன்னார். அப்போதும் இதே சுவர்தான் ஒழுகியதாம். முன்னால் வந்த பிளம்பர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று ஒரே வார்த்தை சொல்லி, தலையிலிருந்து கால்வரை சொட்டச்சொட்ட, கூடமெல்லாம் ஈரக் காலடி பதித்துக்கொண்டு போனானாம். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லையாம்.

"காத்தும்மா," என்றார் பிளம்பர். "பைப்புல காத்து அடைச்சா இப்படித்தான் தட்டும். தானா அடங்கிடும்."

எல்லா வீட்டிலும் அவர் சொல்லும் பதில் அது. யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

சுவருக்குப் பின்னால் குழாய்கள் ஏறி இறங்கும் ஷாஃப்ட் இருந்தது. வீட்டின் பின்பக்கத்து இரும்புக் கதவு வழியே நுழைந்து, ஒருக்களித்து நகர்ந்தால் ஓர் ஆள் போகலாம். மனைவியின் தம்பிதான் அவருக்குக் கையாள். அவன் குளியலறையில் அந்த டைலைப் பெயர்த்து, பின்னாலிருந்த செங்கலையும் உருவி ஓட்டை போட்டிருந்தான். ஷாஃப்டுக்குள் கத்தினால் எதிரொலி பாதியை விழுங்கிவிடும் என்பதால் இருவருக்கும் ஸ்பேனர் பாஷை. குழாயில் ஒரு தட்டு என்றால் வால்வை மூடு, இரண்டு என்றால் திற. மூன்று என்றால் நான் வெளியே வந்துவிட்டேன், ஓட்டையை அடை. சீக்கிரம் இறுகும் சிமெண்டு, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் கையிலேயே கல்லாகிவிடும். அதனால் மூன்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு அடைத்துவிடு என்று மச்சினனைப் பழக்கியிருந்தார். சுவருக்குள் கேட்டதும் மூன்றுதானே என்று மனதில் ஏதோ நெருடத்தான் செய்தது. இதற்கெல்லாம் நின்றால் பிழைப்பு ஓடுமா என்று உள்ளே நுழைந்தார்.

முதுகை ஒரு சுவரும் மார்பை ஒரு சுவரும் உரச, மூச்சைப் பாதியாக்கிக்கொண்டு, பூசணமும் துருவும், அவற்றோடு பலநாள் துவைக்காத சட்டையின் வியர்வை நெடி போன்ற ஏதோ ஒன்றும் கலந்த காற்றை விழுங்கியபடி, டார்ச் வெளிச்சத்தை முன்னே விட்டு அவர் பக்கவாட்டில் நகர்ந்து போனார். ஷாஃப்ட் ஒரு மூலையில் திரும்பியது. கதவு பார்வையிலிருந்து மறைந்து, அதன் வெளிச்சம் மட்டும் மங்கலாக வந்தது. கீழே முழங்காலுக்கு நேராக, மச்சினன் போட்ட ஓட்டை தெரிந்தது. குனிய இடமில்லை.

குழாயைத் தடவினார். ஒவ்வொரு இணைப்பும் காய்ந்து கிடந்தது.

சுவர்தான் நனைந்திருந்தது. முகம் இருக்கும் உயரத்தில் தொடங்கி, ஓட்டைவரைக்கும் ஒரு கோடாக. அதன் இருபக்கமும் ஒவ்வொரு உள்ளங்கை பதிந்த அளவுக்கு ஈரம். பக்கத்தில், குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பில் ஒரு ஸ்பேனர் தொங்கியது. துருப்பிடித்தது. அவருடையதல்ல.

அவருக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, குழாய் அதிர்ந்தது.

டொக். டொக். டொக்.

அவர் தட்டவில்லை. அவருடைய ஸ்பேனர் இடுப்பில் இருந்தது.

"அடைக்காதடா," என்று கத்தினார். எதிரொலி அதை மேலே இழுத்துக்கொண்டு போனது. கீழே சிமெண்டுக் கரண்டி உரசியது. ஓட்டையின் வெளிச்சம் பாதியானது. கையை நீட்டினார். எட்டவில்லை. வெளிச்சம் போய்விட்டது.

கதவுப் பக்கம் திரும்ப முயன்றார். சட்டை கிளாம்பில் மாட்டிக்கொண்டது. டார்ச் நழுவி விழுந்து அணைந்தது. மூலைக்கு அப்பால் ஈரக் காலடிகள், நிதானமாக விலகிப் போயின. கதவின் கீல் முனகியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு.

ஸ்பேனரை உருவிக் குழாயை அடித்தார். எண்ணாமல் அடித்தார். பைத்தியம் பிடித்தவர்போல அடித்தார்.

"மாமா, பைப்பு இன்னும் தட்டுதே?" சுவருக்கு அந்தப் பக்கம், மச்சினனின் குரல்.

"காத்துடா. தானா அடங்கிடும்."

அது அவர் குரல்.

அவருக்குக் கை ஓய்ந்தது. வீட்டுக்கார அம்மா ஏதோ கேட்டார், ஏன் இப்படி நனைந்திருக்கிறீர்கள் என்பதுபோல. போன் அடித்தது. அக்காதான் என்று சொல்லி மச்சினன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க," என்றாள் மனைவி.

"சொல்லு," என்றது அவர் குரல்.

அவள் சிரித்தாள். "அதிசயமா இருக்கே, மொத தடவையிலயே காது கேட்டுடுச்சு. பாப்பா உங்களத்தான் தேடுறா."

"தூங்கிடாம பாத்துக்கோ. இதோ வந்துட்டேன்."

வாயைச் சுவரில் வைத்து மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். தொண்டை கிழியும்வரை. கண்ணீர் முகத்திலிருந்து சுவரில் இறங்கி, கோடாகக் கீழே போனது. அந்தப் பக்கம் காலடிகள் கிளம்பின. ஒன்று காய்ந்த காலடி. ஒன்று ஈரக் காலடி.

ஒரு கதவு சாத்தப்பட்டது.

அவர் தோளில் ஏதோ உரசியது. ஷாஃப்டின் உள்பக்கம், அவர் இன்னும் போகாத பக்கம், இருட்டில் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர், அவர் வசதியாக நிற்பதற்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.